அந்த ஒரு சொல்லை எடுங்கள்

என் அண்ணியை வேலையை விட்டு நீக்கிய உத்தரவில் மொத்தம் ஒன்பது வரிகள். ஆறாவது வரியில் அந்தச் சொல் இருந்தது. "நிறுவனத்தின் ஒலிநூல்களைத் திருட்டுப் பகிர்வு மென்பொருள் வழியாக வெளியே விட்ட காரணத்தால்" என்று போகிறது அந்த வரி. அண்ணி அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு உரக்கப் படித்தாள். பார்வையில்லாதவர்களுக்கான ஒலிநூலகம் ஒன்றில் பத்தொன்பது வருஷம் புத்தகம் படித்துப் பதிவு செய்த குரல் அது. காற்புள்ளி வந்த இடத்தில் நின்றாள், முற்றுப்புள்ளியில் மூச்சு விட்டாள், ஒரு எழுத்தும் தடுக்கவில்லை. படித்து முடித்துவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினாள்.

"வேலை போனா போகட்டும்டி. 'திருட்டு'ங்கற அந்த வார்த்தை போகணும். அது போற வரைக்கும் நான் விடப்போறதில்ல."

நான் அவளுடைய நாத்தனார். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு அவள் வந்த நாளிலிருந்து ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவளுக்கு மூக்கு நுனியில் கோபம். அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் 'மிளகாய்' என்பார்கள். வீட்டிலும் குறைச்சலில்லை. பேருந்து ஓட்டும் என் அண்ணன், எதிரே எத்தனை பெரிய லாரி வந்தாலும் ஒதுங்காதவன், இவள் குரல் ஒரு படி ஏறினால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

பதிவறைக்குள் மட்டும் அவள் வேறு ஆள். நான் அந்த அறையைப் பார்த்திருக்கிறேன். எட்டடிக்கு ஆறடி. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, கதவின் உள்பக்கம் பழைய மெத்தையை ஆணியடித்து வைத்திருப்பார்கள். விசிறி போட்டால் மைக்கில் இரைச்சல் விழும் என்று போட மாட்டாள். மடியில் ஒரு துண்டு, வியர்வைக்கு. பக்கம் புரட்டும் சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காகப் புத்தகத்தின் தையலைப் பிரித்து, தாள் தாளாக அடுக்கி வைத்துப் படிப்பாள். நாவல், சட்டப் புத்தகம், நர்சிங் பாடம், தையல் மெஷின் பழுது பார்ப்பது எப்படி என்று ஒரு கையேடுகூட. அட்டவணை வந்தால் கட்டம் கட்டமாகச் சொல்வாள். படம் வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று விவரிப்பாள். அப்படி ஆயிரத்து நூற்று நாற்பது புத்தகங்கள்.

ஒவ்வொன்றுக்கும் எழுதியவரிடமோ பதிப்பகத்திடமோ கேட்டு வாங்கிய சம்மதக் கடிதம் உண்டு. எல்லாம் பச்சை அட்டைக் கோப்புகளில் வரிசையாக இருக்கும். கையெழுத்தில்லாமல் ஒரு புத்தகத்தைத் தொட மாட்டாள். அவளைப் போய்த் திருடி என்றார்கள்.

எல்லாம் ஒரு போனில் ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கை ஈரமென்று ஸ்பீக்கரில் போட்டாள். பேசியவன் பார்வையில்லாத சட்டக் கல்லூரி மாணவன். நாங்கள் எல்லாரும் அவனை 'வக்கீல்' என்போம், அப்போது அவன் இன்னும் பரீட்சைகூட எழுதியிருக்கவில்லை.

"அக்கா, சாட்சியச் சட்டம் புத்தகத்தை நாலு தடவை இறக்கிட்டேன். நாலு தடவையும் எண்பத்திரண்டு சதவீதத்துல செத்துப்போகுது. திரும்ப முதல்லேர்ந்து. பரீட்சைக்குப் பதினொரு நாள்தான் இருக்கு."

"லைன் நல்லா இருக்கற நேரத்துல போடுப்பா."

"எங்க ஊர்ல லைன் நல்லா இருக்கற நேரம்னு ஒண்ணு இருந்தா நீங்களே சொல்லுங்க, அலாரம் வச்சு எந்திரிக்கறேன். தப்பு எங்க லைன்ல மட்டும் இல்லக்கா. உங்க ஆபீஸ்ல ஒரே ஒரு சர்வர். பரீட்சை வந்தா நூத்தம்பது பேர் ஒரே நேரத்துல அதுல தொங்கறோம். ஒரே கிணறு, ஒரே கயிறு."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"டொரன்ட்ல போடுங்க."

அண்ணி குழாயை மூடினாள். "டேய், அது சினிமா திருடறவங்க வச்சிருக்கறது."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் அண்ணன் படம் இறக்குவது அதில்தான்.

"அக்கா, திருட்டுச் சாமானும் லாரியிலதான் போகுது. அதுக்காக லாரியைத் திருடன்னு சொல்வீங்களா? உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுப் பாருங்க" என்றான். பிறகு பொறுமையாக விளக்கினான். அந்த மென்பொருள் புத்தகத்தை ஆயிரம் துண்டாக நறுக்கிவிடும். ஒருத்தருக்கு நூறு துண்டு வந்ததும் அவர் அதை அடுத்தவருக்குக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார். அடுத்தவர் தனக்கு வந்ததை இவருக்குக் கொடுப்பார். லைன் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அடையாள எண் இருக்கிறது. நடுவில் யாராவது கைவைத்து மாற்றியிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். "ஆள் சேரச் சேர உங்க சர்வர் படுத்துடும். இதுல ஆள் சேரச் சேர வேகம் கூடும்."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு, "ஆயிரம் துண்டுல ஒரு துண்டு வராம போனா?" என்று கேட்டாள்.

"யாராவது ஒருத்தர்கிட்ட அது இருந்தா போதும்க்கா."

மறுநாளே அலுவலக இயக்குநரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் ஏதோ விழாவுக்குப் பேச்சு தயாரித்துக்கொண்டிருந்தார். நிமிராமலேயே, "பண்ணுங்கம்மா. புகார் வராம இருந்தா எனக்குச் சரி" என்றிருக்கிறார். அதை எழுதி வாங்காதது அவள் செய்த ஒரே தப்பு. ஊரெல்லாம் கையெழுத்து வாங்கினவள் சொந்த மேலதிகாரியிடம் வாங்கவில்லை.

பச்சைக் கோப்புகளை மூன்று வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு கடிதமாகப் பிரித்துப் படித்தாள். தொள்ளாயிரத்து இருபத்தெட்டு கடிதங்களில், பார்வையில்லாதவர்களுக்கு எந்த வழியில் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று இருந்தது. மீதி இருநூற்றுப் பன்னிரண்டில், நூலகத்துக்குள் உட்கார்ந்து கேட்க மட்டும் அனுமதி. அவர்களுக்கெல்லாம் மறுபடி எழுதிக் கேட்டாள். பதிலில்லை.

"அதையும் சேர்த்துப் போட்டுடுங்க அண்ணி. யார் கேக்கப்போறாங்க?" என்றேன்.

"நான் கேப்பேன்" என்றாள்.

தொள்ளாயிரத்து இருபத்தெட்டை மட்டும் போட்டு, பார்வையில்லாத உறுப்பினர்களுக்கு மட்டும் இணைப்பை அனுப்பினாள். எட்டு மாதம் எல்லாம் நன்றாக நடந்தது. வக்கீல் அந்தப் பரீட்சையில் தேறினான். தினம் நாலைந்து குறை சொல்லும் போன் வந்த இடத்தில், வாரத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். பிறகு தலைமையகத்திலிருந்து நெட்வொர்க் அதிகாரி என்று ஒருவர் வந்தார். வந்த இரண்டாம் வாரம் எந்தக் கணினியிலிருந்து என்ன போகிறது என்று பட்டியல் எடுத்தார். அதில் அந்த மென்பொருளின் பெயரைப் பார்த்ததும் நேரே அறிக்கை எழுதிவிட்டார். அது எதைச் சுமந்துகொண்டு போகிறது என்று ஒரு கோப்பைத் திறந்து கேட்டிருந்தால் அண்ணியின் குரல் கேட்டிருக்கும். கேட்கவில்லை.

விசாரணை என்று ஒன்று நடந்தது. நான் உள்ளே போக முடியவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மரத் தட்டிதான், எல்லாம் கேட்டது.

"இந்த சாஃப்ட்வேரை நீங்கதானே போட்டீங்க?" இது நெட்வொர்க் அதிகாரி.

"ஆமா. நான்தான் போட்டேன். சம்மதக் கடிதமெல்லாம் கொண்டுவந்திருக்கேன். பிரிச்சுப் பாருங்க."

"அது தேவையில்லம்மா."

"ஒரே ஒரு கடிதம். உங்க இஷ்டத்துக்கு எதையாவது உருவிப் பாருங்க."

"சாஃப்ட்வேர் பேரே போதும். உலகத்துக்கே தெரியும் அது எதுக்குன்னு."

"உலகத்தை விடுங்க. இந்த ஆபீஸ்ல அது எதுக்கு இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. அண்ணி இயக்குநர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். "சார், நீங்க பண்ணச் சொன்னீங்க."

"அப்படி எதுவும் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லையே" என்றார் இயக்குநர்.

அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. மெத்தென்ற குரல். எங்கள் கடையில் காலாவதியான மருந்தைத் திருப்பிக் கொடுக்க வருபவர்களிடம், 'இங்கதான் வாங்கினீங்களா?' என்று முதலாளி கேட்பது இதே குரலில்தான்.

தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவும் என்று எழுதிக் கொடுத்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடுகிறோம் என்றார்கள். "தெரிஞ்சுதான் செஞ்சேன்" என்று சொல்லிவிட்டு, கோப்புகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நாலாம் நாள் அந்த ஒன்பது வரி வந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் ரகளை. என் அண்ணன் சொன்னான்: "ஒரு கையெழுத்துல முடியற விஷயம். எல்லாரும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுத்தானே போறாங்க?"

"நீங்க படம் இறக்கும்போது எந்தக் கையெழுத்து போட்டீங்க? அது திருட்டு. அதுக்கு உங்களை யாரும் ஒண்ணும் கேக்கல. நான் செஞ்சது திருட்டே இல்ல. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணுமா?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ஆனால் அன்றோடு படம் இறக்குவதை நிறுத்திவிட்டான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு இடங்களில் அண்ணிக்கு வேலை கிடைப்பது போல் வந்து, பழைய உத்தரவைப் பார்த்ததும் போய்விட்டது. ஒரு வானொலி நிலையத்தில் குரல் சோதனை முடிந்து, கை குலுக்கி, கடைசியாக அந்த ஆறாவது வரியைப் படித்துவிட்டு, 'சொல்லி அனுப்புறோம்' என்றார்கள். கடைசியில் நான்தான் எங்கள் மருந்துக்கடை முதலாளியிடம் கெஞ்சி அவளைச் சேர்த்துவிட்டேன். டாக்டர்களின் கிறுக்கலைப் படிப்பதில் என்னைவிடத் தேறிவிட்டாள். ஆனால் நாள் முழுக்க அவள் பேசியது, 'சாப்பாட்டுக்கு முன்னாடி, சாப்பாட்டுக்குப் பின்னாடி' என்பது மட்டும்தான். அந்தக் குரலுக்கு அந்த வேலை. 

அலுவலகத்துக்குப் பதினான்கு கடிதங்கள் எழுதினாள். பதினான்கையும் நான்தான் கணினியில் அடித்தேன். எல்லாவற்றிலும் ஒரே கோரிக்கைதான்: வேலை வேண்டாம், அந்த ஒரு சொல்லை எடுங்கள். ஒன்றுக்குக்கூடப் பதில் வரவில்லை.

இதற்கிடையில் அலுவலகம் தன் கணினியில் அந்த மென்பொருளை அழித்துவிட்டு, எல்லாம் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தது. எதுவும் நிற்கவில்லை. வக்கீல் முப்பத்தேழு கேட்பவர்களைச் சேர்த்து ஒரு ஏற்பாடு செய்திருந்தான். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்ப்பவர், இயன்முறை மருத்துவம் செய்யும் ஒரு பெண், ஓய்வு பெற்ற வாத்தியார் என்று ஊருக்கு ஒருவர். ஆளுக்குக் கொஞ்சம் புத்தகம் பிரித்துக்கொண்டார்கள். எந்தப் புத்தகமும் மூன்று வீட்டிலாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. சம்மதக் கடிதங்கள் அவர்களுக்காகக் கொடுக்கப்பட்டவைதானே. அவர்கள் புத்தகத்தை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

பதினான்கு மாதம் போயிற்று. ஒரு நாள் காலையில் கடையில் கூட்டம். வரிசையில் ஆறாவது ஆளாக இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். கையில் மருந்துச் சீட்டு இல்லை. அண்ணி பார்த்துவிட்டாள். முன்னால் நின்ற ஐந்து பேருக்கும் ஒருவர் விடாமல் மருந்தை எடுத்துக் கொடுத்து, வேளையும் சொல்லி அனுப்பிவிட்டுத்தான் அவரைப் பார்த்தாள்.

"என்ன வேணும்?"

"ஒரு உதவிம்மா." குரல் இறங்கியிருந்தது. "சர்வரைப் புது இடத்துக்கு மாத்தினோம். நெட்வொர்க் அதிகாரிதான் மாத்தினார். மாத்தி முடிச்சுட்டுப் பழைய டிஸ்கை அழிச்சுட்டார். இப்பப் பார்த்தா புது இடத்துல பேர் மட்டும்தான் இருக்கு. ஆயிரத்து நூத்தி நாப்பது தலைப்பும் இருக்கு. எதை அமுக்கினாலும் சத்தம் வரல."

நகல் சரியாக வந்ததா என்று ஒரு புத்தகத்தையாவது போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இங்கேயும் கேட்கவில்லை. அங்கே யாருக்குமே கேட்கிற பழக்கம் இல்லை.

அண்ணியின் முகம் வெளிறிவிட்டது. கவுண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷம் அது.

"உங்ககிட்ட ஒரு காப்பி இருக்கும்ல? ஒரு டிஸ்க்ல போட்டுக் கொடுத்தீங்கன்னா..."

"என்கிட்ட எப்படி சார் இருக்கும்? எடுத்துட்டுப் போயிருந்தா அது திருட்டாச்சே." கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "கேக்கறவங்ககிட்ட இருக்கு. கொடுத்துக்கிட்டேதான் இருக்காங்க. வாங்கிக்க உங்க ஆபீஸ்ல அந்த சாஃப்ட்வேர் இருக்கணும். தடை போட்டது யாரு?"

"அதை அப்புறம் பேசிக்கலாம்மா. முதல்ல..."

"அப்புறம் இல்ல, இப்பவே. அந்த மென்பொருளைப் பயன்படுத்தலாம்னு உங்க கையெழுத்துல உத்தரவு வேணும். உங்களுக்குத்தான் ஞாபக மறதி ஆச்சே. ரெண்டாவது, என் உத்தரவுல அந்த வார்த்தையை எடுக்கணும்."

"முதலாவது இன்னிக்கே செய்யறேன். ரெண்டாவது தலைமையகத்துல கேக்கணும்."

"கேளுங்க. நல்லா சத்தமா கேளுங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு உத்தரவு தயார். நான் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அவளோடு போனேன். நெட்வொர்க் அதிகாரியே தன் கையால் அந்த மென்பொருளை நிறுவினார். நிறுவும்போது அவர் கழுத்து சிவந்திருந்தது. வக்கீல் போனில் இருந்தான். முப்பத்தேழு பேரும் கணினியைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன. சாயங்காலத்துக்குள் நூறு புத்தகம். நாலாம் நாள் தொள்ளாயிரத்து இருபத்தெட்டும் வந்து சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றின் அடையாள எண்ணையும் சரிபார்த்தார்கள். ஒரு அட்சரம் பிசகவில்லை.

அதற்கு மேல் எண் நகரவில்லை. மீதி இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகம் எங்கேயும் இல்லை. நூலகத்துக்குள் மட்டும் என்று இருந்தவை அவை. அவள் நேர்மையாகப் பகிராமல் விட்டவை. அவற்றின் ஒரே பிரதி, அந்த அழிந்த டிஸ்கில் இருந்தது.

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது நெட்வொர்க் அதிகாரி சொன்னார், நல்ல எண்ணத்தில்தான் சொன்னாரோ என்னவோ: "அதையும் அப்பவே சேர்த்துப் போட்டிருக்கலாமே, மேடம். தப்பிச்சிருக்கும்."

அண்ணி எழுந்தாள். பத்தொன்பது வருஷம் விசிறி சத்தத்துக்குக்கூடப் பயந்து நடந்தவள் அந்தக் கட்டடமே அதிரக் கத்தினாள்.

"திருடியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு சொல்றியா? நீயா சொல்ற? அனுமதியோட கொடுத்ததைத் திருட்டுன்ன. அனுமதி இல்லாததைத் தொடாம வச்சேன், இப்ப ஏன் தொடலன்னு கேக்கற. என் கடிதத்துல ஒண்ணையாவது பிரிச்சியாடா? மாத்தின பிறகு ஒரு புத்தகத்தையாவது போட்டுக் கேட்டியா? உனக்குக் காது இருக்கறது கண்ணாடி மாட்டவா?"

மாடியிலிருந்தெல்லாம் ஆட்கள் இறங்கி வந்தார்கள். போனில் வக்கீல், "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். யாரும் அவளைத் தடுக்கவில்லை. வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். நான் பார்த்து அவள் அழுதது அது ஒரு தடவைதான். "அந்த நர்சிங் புத்தகம் நாலு மாசம்டி. தொண்டை கட்டிக்கிட்டே படிச்சேன்" என்றாள்.

இரண்டு வாரம் கழித்துத் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. 'மேற்படி திருட்டுக் குற்றம் கருணை அடிப்படையில் மன்னிக்கப்படுகிறது' என்று எழுதியிருந்தார்கள். சிவப்புப் பேனாவால் 'மன்னிக்க ஒன்றுமில்லை' என்று குறுக்கே எழுதி அதையே திருப்பி அனுப்பினாள். அடுத்த கடிதத்தில் 'குற்றம்' போய் 'தவறு' வந்தது. அதையும் அனுப்பினாள். வக்கீல் அதற்குள் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் சேர்ந்திருந்தான். பச்சைக் கோப்புகளின் நகலை இணைத்து, நாலு பக்கத்துக்கு ஒரு நோட்டீஸ் விட்டான். மூன்றாவது கடிதம் மூன்றே வரி. பழைய உத்தரவு முழுவதும் ரத்து, அது தவறாகப் பிறப்பிக்கப்பட்டது, அவருடைய பணிப் பதிவில் எந்தக் குறையும் இல்லை. அண்ணி அதையும் உரக்கப் படித்தாள். படித்துவிட்டு, "வருத்தப்படறோம்னு ஒரு வார்த்தை இல்ல பாத்தியா?" என்றாள்.

வேலை வேண்டாம் என்று சொல்லிவந்தவள்தான், ஆனாலும் திரும்பிப் போனாள். அந்த இருநூற்றுப் பன்னிரண்டை வேறு யார் படிப்பார்கள்? இப்போது அவள் அனுப்பும் ஒவ்வொரு சம்மதக் கடிதத்திலும், கேட்பவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்து, அதற்குத் தனியாகக் கையெழுத்து வாங்குகிறாள். வெளியூரில் இருக்கும் ஐந்து நூலகங்களும் சேர்ந்துவிட்டன. ஒருவர் புத்தகத்தை மற்ற ஐவரும் வைத்திருக்கிறார்கள். இனி ஒரு கட்டடம் எரிந்தாலும் ஒரு அதிகாரி தூங்கினாலும் புத்தகம் சாகாது. இயக்குநர் இதை எல்லா மேடையிலும் 'நமது தொலைநோக்குத் திட்டம்' என்கிறார். நெட்வொர்க் அதிகாரிக்குப் பதவி உயர்வு கொடுத்து வேறு கிளைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதுவரை நாற்பத்தொரு புத்தகங்களைத் திரும்பப் படித்து முடித்திருக்கிறாள். போன வாரம் அந்த ஓய்வு பெற்ற வாத்தியார் புதுப் பதிவொன்றைக் கேட்டுவிட்டு, எடுத்தது அவள்தான் என்று தெரியாமல் அலுவலகத்துக்குப் போன் செய்து, "முன்னாடி படிச்சவங்க குரல் இன்னும் நல்லா இருந்துச்சும்மா. அவங்களை மாத்திட்டாங்களா?" என்று கேட்டாராம்.

"ஆமா சார், மாத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.